தேறிய கரை

பச்சைச் சாயத்தூள் டப்பாவை மருந்துக்கடைக்காரர் நீட்டியதும் பெரியவர் அதை வாங்கிக்கொண்டு, "கூட ரெண்டு பேர் வாங்க" என்றார். கரையில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஆற்றைச் சுத்தம் செய்கிற அந்தக் குழுவின் தலைவர் அவர்தான். கரையோர வீடுகளின் கழிவுநீர்த் தொட்டியில் இந்தத் தூளைக் கரைத்து ஊற்றுவது, வீட்டின் பின்பக்கம் ஆறு பச்சையாகிறதா என்று பார்ப்பது, பச்சையானால் அந்த வீட்டுக் குழாயை அடைக்கச் சொல்வது என்ற வேலைமுறையை வகுத்தவரும் அவரே. சிலர் வேறு எங்காவது ஊற்றிவிட்டு ஊற்றியாயிற்று என்று சாதித்ததால், ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு பேர் சாட்சியாகப் போக வேண்டும் என்ற விதியையும் அவரே போட்டார்.

"உங்க வீட்டுக்கு நீங்களே சாட்சி தலைவரே" என்றார் மருந்துக்கடைக்காரர். கண்ணாடிக் குழாயில் ஆற்றுத் தண்ணீரை எடுத்து, மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் பார்ப்பவர் என்பதால் குழுவில் அவருக்குச் சொட்டு என்று பெயர்.

"விதி எல்லாருக்கும்தான்."

"ஐயா வீட்டுக்குப் போயி சாட்சி நின்னா எங்க நாக்கு அழுகிடும்" என்றாள் தையல்காரம்மா. முழங்கால் வரை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் அரிவாளோடு நின்றிருந்தாள். "போயிட்டு வாங்க. இந்தக் கரை தேறிடுச்சுன்னா இன்னைக்கே செடியெல்லாம் அறுத்துப் போட்டுடலாம்."

பெரியவருக்கு உள்ளூரக் குளிர்ந்தது. இந்த மரியாதை ஒரு நாளில் வந்ததல்ல. அவருடைய அப்பா காலத்திலிருந்தே தெருவில் எந்தத் தகராறு என்றாலும் அந்த வீட்டு வாசலில்தான் பேசி முடிப்பார்கள். அந்த வீட்டில் சொன்ன சொல் மாறாது என்று எதிரிகூட ஒத்துக்கொள்வான். குழு ஆரம்பித்த நாளில் நூறு பேர் முன்னால் பெரியவர் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லியிருந்தார்: "எங்க வீட்டுத் தண்ணி ஒரு சொட்டு ஆத்துல விழுந்தா நான் இந்தக் கரையில கால் வைக்க மாட்டேன்."

ஆனால் சில வாரங்களாக ஆறு சரியில்லை. ஆற்றின் மேற்பக்கம் இருக்கும் வீடுகள் எல்லாம் சோதனையில் தேறிவிட்டன. அங்கே தண்ணீர் தெளிந்து மீன்குஞ்சுகள் ஓடின. பெரியவர் வீட்டை ஒட்டிய இந்த வளைவுக்கு வந்ததும் ஒரு வழுவழுப்பு. ஆகாயத்தாமரை மட்டும் காடாக மண்டிக் கிடந்தது. வீட்டு மதிலோரம் தண்ணீர் குடித்த நாய் ஒன்று அங்கேயே சுருண்டு செத்தது. போன மாதம் இந்தப் பக்கம் இடுப்பளவு தண்ணீரில் நின்று வேலை செய்த பஸ் டிரைவருக்குக் கெண்டைக்காலில் புண் வந்து, புண் காய்ச்சலாகி, இப்போது ஆஸ்பத்திரியில் யாரையும் அடையாளம் தெரியாமல் கிடக்கிறார். அதற்குப் பிறகுதான் பெரியவர் இன்னொரு விதி போட்டார். சோதனை ஆகாத கரையில் பூட்ஸ் இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. இருப்பது நாலைந்து ஜோடிதான். தேறிய கரையில் வெறுங்காலோடு இறங்கலாம்.

வீட்டின் பின்கட்டில் அவருடைய இளைய மகன் சின்னவன் சலவைக்கூடம் வைத்திருந்தான். ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைத்துக் கொடுக்கும் தொழில். பெரியவர் நுழைந்தபோது பெரிய மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மூலையில் மூட்டை மூட்டையாக விரிப்புகள் கிடந்தன. சில மூட்டைகளின் அடியில் கறை ஊறி வெளியே தெரிந்தது. மருந்து நெடியும், மருந்துக்கு அடங்காத வேறொரு நெடியும் மூக்கில் ஏறின. அப்பாவின் கையில் டப்பாவைப் பார்த்ததும் சின்னவன் எழுந்து வந்து, மெஷினின் தண்ணீர் போகும் தொட்டிக்குக் குறுக்கே நின்றான்.

"இன்னைக்கு வேணாம்ப்பா."

"எல்லாரும் காத்துட்டு இருக்காங்க. நகரு."

"மொதல்ல சமையலறைத் தொட்டியில ஊத்துங்க. அது ஒழுங்கா தெருச் சாக்கடைக்குப் போகுது."

பெரியவர் அவனையே பார்த்தார். சின்ன வயதில் பாத்திரத்தை உடைத்துவிட்டு நிற்கும்போது இவன் இப்படித்தான் நிற்பான், ஒரு காலால் மறு காலைத் தேய்த்துக்கொண்டு.

"அப்ப இது?"

"மழைக்காலத்துல இதோட சாக்கடைக் குழாய் அடைச்சுக்கிச்சு. ஆள் வரச் சொல்லி நாயா அலைஞ்சேன். ஒருத்தனும் வரல. துணி நிக்குமா? பழைய மழைத்தண்ணிக் குழாய்ல தற்காலிகமா சேர்த்துவிட்டேன். அப்படியே ஓடிப்போச்சு."

"அது எங்க போய் விழுது?"

சின்னவன் மதில் பக்கம் பார்த்தான். மதிலைத் தாண்டி ஆற்றங்கரைச் சிரிப்பொலி கேட்டது. தையல்காரம்மாவின் குரல் எல்லோரையும் விட உரக்க இருந்தது.

"டிரைவர் கிடக்கிறாரே, தெரியுமாடா உனக்கு?"

"தெரியும்ப்பா." அவன் மூட்டைகளின் பக்கம் பார்த்தான். "அவர் படுத்திருக்கிற விரிப்பும் இங்கதான் வருது."

பெரியவருக்கு முதலில் கோபம் வரவில்லை. கரையில் நிற்கும் முகங்கள்தான் வந்தன. சொட்டு என்ன பேசுவார், தையல்காரம்மா என்ன பேசாமல் இருப்பாள், டிரைவரின் மனைவி நாளை எந்த வாசலில் வந்து நிற்பாள் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கோபம் அதற்குப் பின்னால்தான் வந்தது. ஓங்கிய கையைத் தாமே இறக்கிக்கொண்டார். இந்த வீட்டில் வளர்ந்த பிள்ளையை அடித்ததில்லை. அடித்தால் சத்தம் வெளியே கேட்கும்.

"மெஷினை நிறுத்து."

"இந்தச் சுத்து முடியப் போகுதுப்பா. நடுவுல நிறுத்தினாலும் தண்ணியை வெளிய விட்டுத்தான் ஆகணும். நாளைக்கே ஆள வச்சு மாத்திடறேன். உங்க மேல சத்தியம்."

"என் மேல வைக்காதே" என்றார் பெரியவர்.

அவர் சமையலறைக்குப் போனார். தூளைத் தொட்டியில் கொட்டிக் குழாயைத் திறந்தார். பச்சை சுழன்று சுழன்று இறங்கியது. அழகான நிறம். கண்ணைக் கூசியது. கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்து, சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். நாளைக்கு மாற்றிவிட்டால் இன்று சொன்னது பொய்யாகாது என்று தமக்குள் சொல்லிப் பார்த்தார். இரண்டாவது தடவை சொல்லும்போது அது சற்று நியாயமாகக்கூட இருந்தது.

"ஊத்தியாச்சு" என்றார் கரைக்கு வந்து. அந்த ஒரு சொல் மட்டும்தான்.

எல்லோரும் தண்ணீரையே பார்த்தார்கள். பெரியவர் மட்டும் மதிலுக்கு அந்தப் பக்கம் மெஷின் உறுமுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் எப்போதும் போல் பழுப்பாகவே கிடந்தது. கொஞ்ச நேரம் பொறுத்து, சொட்டு கையைத் தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள்.

"அப்புறம் எங்கேருந்துதான் வருது இந்தக் கண்றாவி?" என்று ஒருவர் கேட்டார்.

"எதிர்க்கரையில எவனாவது இருப்பான். பிடிச்சிடுவோம்" என்றார் சொட்டு. "தலைவர் வீட்டுக் கரை தேறிடுச்சு. பூட்ஸைக் கழட்டி எதிர்க்கரைக்குப் போறவங்க கிட்டக் குடுங்க."

"இன்னைக்குப் போதும்" என்றார் பெரியவர். "வெயில் ஏறுது. நாளைக்குப் பார்த்துக்கலாம்."

"என்ன ஐயா, உங்க கரைன்னதும் எங்களுக்கு ஓய்வு குடுக்கிறீங்களா?" தையல்காரம்மா பூட்ஸை உதறிவிட்டு, சொல்லிக்கொண்டே இறங்கிவிட்டாள். அவள் கணுக்காலில் எங்கேயோ கம்பி கீறிய காயம் ஒன்று இன்னும் ஆறாமல் சிவந்திருந்ததைப் பெரியவர் அப்போதுதான் பார்த்தார். தண்ணீர் அதை மூடியது. அவள் செடியை விலக்கி விலக்கி, மதிலை நோக்கி நடந்தாள். "உங்க வீட்டுச் செவுத்தைப் பளிச்சுனு ஆக்கிட்டுத்தான் இன்னைக்குப் போவேன். அப்புறம் ஊரெல்லாம் வந்து வேடிக்கை பாக்கட்டும்."

மதிலுக்குப் பின்னால் மெஷினின் உறுமல் ஏறி, உச்சிக்குப் போய், சட்டென்று நின்றது. பெரியவர் வாயைத் திறந்தார். ஒரு சொல் போதும், "ஏறுங்க" என்று. அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஏன் என்ற கேள்வி நின்றது. கேள்விக்குப் பின்னால் சின்னவன் நின்றான். அவனுக்குப் பின்னால் அப்பா, தாத்தா, வாசல், தெரு. திறந்த வாயை மூடிக்கொண்டார்.

மதிலடியில், காற்றே இல்லாமல், ஆகாயத்தாமரை இலைகள் ஆடத் தொடங்கின.

"ஐயா!" தையல்காரம்மா நிமிர்ந்தாள். "இங்க மட்டும் தண்ணி வெதுவெதுன்னு இருக்கு. என்னது இது?"

பெரியவர் கரைச் சரிவில் இறங்கினார். மெருகிட்ட தோல் செருப்போடு, மடிப்புக் கலையாத பேண்ட்டோடு, கையில் ஊன்ற எதுவும் இல்லாமல் இறங்கினார். யாரோ "தலைவரே, செருப்பு!" என்று கூவினார்கள். யாரோ சிரித்தார்கள். சேறு ஒரு செருப்பைப் பிடுங்கிக்கொண்டது. அவர் நிற்கவில்லை. தையல்காரம்மாவைத் தாண்டிப்போய், அவளுக்கும் மதிலுக்கும் நடுவில், இலைகள் ஆடுகிற இடத்தில், முதுகை மதிலுக்குக் கொடுத்து நிமிர்ந்து நின்றார்.

"தள்ளிப் போம்மா" என்றார். "இந்த இடத்தை நான் பாத்துக்கறேன்."

அவள் அரிவாளோடு அப்படியே நின்று அவர் முகத்தைப் பார்த்தாள். அவருடைய கெண்டைக்கால்களின் பின்புறம் வெந்நீர் வேகமாக மோதிப் பிரிந்து, இரு பக்கமும் வெள்ளை நுரையாகச் சுற்றி, அவள் இடுப்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.