மூன்று விரல் வேர்

எங்கள் மேட்டில் வெள்ளாடு தும்மினால் ஓடிப்போய்ப் பார்ப்போம். வேரில் மருந்துப் பால் வடியும் சில்பியச் செடியைத் தின்றால் செம்மறி தூங்கிவிடும், வெள்ளாடு தும்மும். மூன்று வருடங்களுக்கு முன் என் கிழட்டு ஆடு ஒரு பாறைச் சரிவில் நின்று ஓயாமல் தும்மியது. போய்ப் பார்த்தால் ஒற்றைச் செடி. என் அப்பா காலத்தில் கழுதை கழுதையாகக் கடற்கரைக்குப் போன சரக்கு அது. நான் தலையெடுத்த பிறகு கண்ணால் கண்டது அந்த ஒன்றைத்தான்.

ஆட்டை விரட்டிவிட்டு முள்வேலி போட்டேன். சில்பியம் உழுத மண்ணில் வராது, விதைத்தாலும் வராது. தானே உதிர்ந்து தானே முளைத்தால்தான் உண்டு. மச்சான் பகாலுக்கும் அவன் தங்கை, என் மனைவி இயஸ்தாவுக்கும் மட்டும் இடத்தைச் சொன்னேன். நகரத்தில் இருக்கும் கிரேக்கர்கள் காதில் விழுந்தால் வேரோடு பிடுங்கி ரோமாபுரிக்குக் கப்பலேற்றிவிடுவார்கள்.

"போய்யா போ, உன் மூத்த தாரம் காத்துக்கிட்டிருப்பா" என்பாள் இயஸ்தா. "மாசமா இருக்கிறவளுக்கு ஒரு குடம் தண்ணி எடுத்துத் தர நேரமில்ல. அவளுக்கு வேலி கட்ட மட்டும் நேரம் இருக்கு."

இந்த வருடம்தான் அது முதன்முதலாகப் பூத்தது. இன்னும் இருபது நாளில் விதை முற்றிவிடும் என்றிருந்தபோது, விடியற்காலையில் இயஸ்தாவுக்குப் பெண் பிறந்தது. குழந்தை நன்றாக அழுதது. ஆனால் நஞ்சுக்கொடி விழவில்லை, இரத்தமும் நிற்கவில்லை.

மருத்துவச்சி அம்மாலா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "என்னால ஆனதெல்லாம் பாத்துட்டேன். ஒரு கிண்ணம் சில்பியப் பால் உள்ள போனா விழுந்துரும். முன்னெல்லாம் எத்தனை பேருக்குக் குடுத்திருக்கேன். இப்ப அதுக்கு எங்க போறது?"

பகால் என்னைப் பார்த்தான். "ஓடு மாப்ள. வேரோட பிடுங்கிட்டு வா."

ஓடினேன். மண்ணைத் தோண்டினேன். வேர் என் முன்கை பருமன் இருந்தது. அதில் கத்தியை வைத்து நிமிர்ந்தால் தலைக்கு மேல் மஞ்சள் பூ. இருபதே நாள் என்றது மனசு. ஒரு வேரில் வருடத்துக்கு மூன்று விரல் அகலம்தான் கீறலாம், மிஞ்சினால் செடி பிழைக்காது என்பது எங்கள் முன்னோர் வைத்த விதி. அதை மதிக்காத பேராசைக்காரர்களால்தான் இந்தச் செடியே அழிந்தது என்று ஊர் முழுக்க வாய் கிழியப் பேசியவன் நான். மூன்று விரல் அளந்து கீறினேன். கால் கிண்ணம் பால் வடிந்தது. போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, வேரை மண் போட்டு மூடினேன். அந்த நேரத்தில் மண் போட்டு மூடிக்கொண்டிருந்தேன், பாவி.

திரும்பியபோது இயஸ்தாவின் உதடு வெளுத்திருந்தது. கிண்ணத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"மூத்தவ எனக்கு விட்டுக்குடுத்துட்டாளா?"

"குடுத்துட்டா" என்றேன்.

ஆட்டுப்பாலில் கலந்து குடித்தாள். கொஞ்ச நேரத்தில் அம்மாலா எட்டிப் பார்த்தாள். "பாதி வந்துருச்சு. இன்னும் அரைக் கிண்ணம் இருந்தா மிச்சமும் வந்துரும். வேர்ல பால் இருக்கா?"

"இருக்கு."

அவள் என் முகத்தையே பார்த்தாள். "அப்புறம் ஏன்ப்பா இங்க நிக்கிற?"

மறுபடி ஓடினேன். இந்த முறை எதையும் அளக்கவில்லை. பச்சை விதையும் தண்டுமாக மொத்தத்தையும் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் பால் சொட்டியது. குடிசை வாசலில் பாய் சுருட்டியிருந்தது. உள்ளே இயஸ்தா, பகாலின் தோளில் சாய்ந்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரிச்சு உக்காந்துட்டாளா!" என்று சந்தோஷத்தில் கத்திவிட்டேன்.

நஸமோன் குலத்தில் பிறந்தவன் நான். எங்களில் யாரையும் படுத்தபடி சாக விடமாட்டோம். மூச்சு அடங்கும் நேரத்தில் தாங்கி உட்கார வைப்போம். என் அப்பாவை நானே அப்படித் தாங்கியிருக்கிறேன். அந்த ஒரு கணம் அது எனக்கு மறந்துபோயிற்று.

"கத்தாத மாப்ள" என்றான் பகால். "இப்பத்தான்."

அவளை உட்கார்ந்தபடியே புதைத்து, வேரை மடியில் வைத்தோம். எப்படியோ நகரத்துக்குச் செய்தி போய்விட்டது. கிரேக்கர்கள் வந்து திட்டினார்கள். உலகத்திலேயே கடைசி வேராக இருக்கலாமாம், அதைக் குழியில் போட்டு வீணாக்கிவிட்டேனாம். திட்டிவிட்டுப் போகட்டும், அவர்கள் கவலை அவர்களுக்கு.

பகாலுக்கு எல்லாம் தெரியும். முதல் முறை கிண்ணத்தில் எவ்வளவு இருந்தது என்பதை அவனும்தான் பார்த்தான். தினமும் என் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வருகிறான். "சாப்டியா மாப்ள?" என்று கேட்கிறான். ஒரு நாளாவது அவன் என்னை அடித்திருக்கலாம்.