பக்கத்து வீட்டுக் கொடி

நிவா மேடத்தின் அறைக் கதவைத் தட்டும்போதே ஷுன்பேய்க்குத் திரும்பி ஓடிவிடத் தோன்றியது. அந்த அறையின் ராசி அப்படி. கல்லூரியில் சமூகச் செயல்பாடு படிக்கிற மாணவர்களுக்கெல்லாம் வழிகாட்டுவது அந்த அம்மாவின் வேலை. சுவர் தெரியாத அளவுக்கு அறிவிப்புகள் ஒட்டியிருக்கும். நிலநடுக்கத்தில் இடிந்த ஊரில் ஓடு பொறுக்க ஆள் தேவை, திருவிழாவில் சாமி பல்லக்குத் தூக்கத் தோள் தேவை, கிழவர்களுக்குக் கைப்பேசி சொல்லிக்கொடுக்கப் பொறுமைசாலி தேவை. உள்ளே போனவன் தலையில் எதையாவது கட்டாமல் அவர் வெளியே விட்டதில்லை.

இன்றைக்கு ஓடத் தோன்றியதற்குக் காரணம் வேறு. சனிக்கிழமை துறையின் ஆண்டு விழா. மாணவர்கள் தாங்கள் செய்த களப்பணியை மேடையேறிச் சொல்ல வேண்டும். நன்றாகச் சொன்னவருக்கு ஆறு மாதம் தைவானில் ஒரு கிராமத்தோடு வேலை செய்ய வாய்ப்பு. ஒரே ஒரு இடம்தான். அது ஷுன்பேய்க்குத்தான் என்று மேடம் முக்கால்வாசி முடிவே செய்துவிட்டார். அதுதான் அவனைப் பயமுறுத்தியது. பொய் சொல்லி ஜெயிக்கப்போகிறவனுக்கு ஜெயிக்கப்போகிறோம் என்பதே ஒரு பயம்.

"வாப்பா, உக்காரு. காலையில அனுப்பின படத்தைத்தான் பாத்துட்டிருந்தேன். கண்ணுக்கு நிறைவா இருக்கு போ!"

திரையில் அவன் குடியிருக்கும் மிதோரிதாய் குடியிருப்பின் நான்காம் மாடி நடைபாதை. வீட்டுக்கு வீடு சமையலறை ஜன்னல் கம்பியில் மஞ்சள் துணிக் கொடி. வெளியே ஜனவரிக் குளிரில் கோபே நகரமே விறைத்துக் கிடக்கும்போது, படத்தில் அந்த மஞ்சள் மட்டும் சூடாகத் தெரிந்தது.

மிதோரிதாயில் தனியாக வாழ்கிறவர்கள்தான் அதிகம். காலை ஒன்பது மணிக்குள் அவர்கள் ஜன்னலில் கொடி கட்டிவிட வேண்டும். நான் உயிரோடு எழுந்துவிட்டேன் என்று அதற்கு அர்த்தம். இருட்டுவதற்குள் எடுத்துவிட வேண்டும். ஒன்பதுக்கு எந்த ஜன்னலில் கொடி இல்லையோ அந்த வீட்டுக் கதவை மொகாமி-சான் என்று எல்லோரும் மரியாதையாகக் கூப்பிடும் அம்மா வந்து உடைக்கிற மாதிரித் தட்டுவார். குடியிருப்போர் சங்கத்தில் அந்தப் பொறுப்பு அவருக்கு. லிஃப்ட் இல்லாத அந்த மேல்மாடிகளுக்குக் குடிவர ஆளில்லாமல் போக, நகராட்சி அவற்றை மாணவர்களுக்குச் சொற்ப வாடகைக்குக் கொடுத்திருந்தது. பதிலுக்கு அவர்கள் அக்கம்பக்கத்துக்கு ஒத்தாசையாக இருக்க வேண்டும். ஷுன்பேய் அப்படி வந்தவன்தான்.

"இது நம்ம பிடிவாதக்காரர் ஜன்னல்தானே?" மேடம் படத்தைப் பெரிதாக்கினார். "என்ன பேரு?"

"பக்கத்து வீட்டுக் குவாபாரா தாத்தா, மேடம்."

"ஆமாம், குவாபாரா. கொடியே கட்டமாட்டேன்னு அழிச்சாட்டியம் பண்ணினவரு இப்ப மொத ஆளா கட்டுறாரு. சனிக்கிழமை இதுதான்ப்பா உன் துருப்புச்சீட்டு. ஆனா படம் வேற எடுத்துடு. பட்டப்பகல்ல உள்ள லைட் எரியுது பாரு. கதவுல பேப்பர் வேற ரெண்டு சொருகியிருக்கு. அலங்கோலமா இருக்கு."

ஷுன்பேய் திரையைப் பார்த்தான். சமையலறையின் மங்கல் கண்ணாடிக்குப் பின்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கதவுத் துளையில் காலைப் பேப்பர். அதன் அடியில் கசங்கி நேற்று மாலைப் பேப்பர்.

காலையில் அந்தக் கொடியைக் கட்டியவன் அவன். மற்ற கொடிகளும் ஏறக் காத்திருந்து படம் எடுத்தவனும் அவன். இரண்டு பேப்பரும் அப்போதே அங்கேதான் இருந்திருக்கின்றன. காதில் பாட்டு, கையில் கைப்பேசி, மனசில் தைவான். கண்ணில் பட்டது புத்தியில் ஏறவில்லை.

போன வசந்தத்தில் ஆரம்பித்த வினை அது. துறைமுகத்தில் பாரம் தூக்கும் எந்திரம் ஓட்டி ஓய்வு பெற்றவர் குவாபாரா. விடிய விடிய ரேடியோ கேட்டுவிட்டுப் பத்து மணிக்கு மேல்தான் எழுந்திருப்பார். ஒன்பதுக்கெல்லாம் மொகாமி-சான் கதவை இடித்து எழுப்பிவிடுவார். ஒருநாள் குவாபாரா ஷுன்பேயைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார்.

"ஏன்டா, உசிரோட இருக்கேன்னு தெனம் ஊருக்குக் கொடி காட்டணுமா? நான் என்ன கட்சிக்காரனா? நீதான் விடியக்காலம் காலேஜுக்கு ஓடுறியே. போற போக்குல நீ கட்டிட்டுப் போயேன். சாயங்காலம் வர்றப்ப அவுத்துடு. கொடிய வெளிய கேஸ் மீட்டர் பெட்டிக்குள்ள வெச்சிருக்கேன். அந்தப் பொம்பளைக்குத் தெரிய வேணாம்."

ஷுன்பேய்க்கு அவரைப் பிடிக்கும். அதைவிட, முடியாது என்று சொல்ல அவனுக்கு வராது. ஒரு மாதம் கழித்து, பிடிவாதக்காரர் திருந்திவிட்டார் என்று மொகாமி-சான் பூரித்துப் போனார். மேடத்தின் காதுக்குப் போனது. மேடம் அதை ஒரு வெற்றிக் கதையாக்கினார். அதற்குப் பிறகு உண்மையைச் சொல்ல அவனுக்கு வாயிருந்தால் அவன் ஏன் இந்தப் பாடு படப்போகிறான்!

"என்னப்பா, மூஞ்சியெல்லாம் வெளுத்துப்போச்சு?"

"வயித்து வலி, மேடம். நான் போயிட்டு வந்துடறேன்."

கோட்டைக்கூட எடுக்காமல் வெளியே வந்தான். படிக்கட்டில் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினான். குவாபாரா மகா கஞ்சன். தொலைக்காட்சி வெளிச்சத்தில் சோறு தின்பவர். அவர் வீட்டில் பகலில் விளக்கு எரிகிறது என்றால் அணைக்க ஆள் எழுந்திருக்கவில்லை. மாலைப் பேப்பரை எடுக்கவில்லை என்றால் நேற்று இருட்டும் நேரத்திலிருந்தே எழுந்திருக்கவில்லை. நேற்றிரவு குழாய்த் தண்ணீர் உறைந்த குளிர்.

பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது அவனுக்கு ஒரு கெட்ட யோசனை வந்தது. நேராக வீட்டுக்குப் போய்விடலாம். பேருந்தும் ரயிலுமாக ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். யாரும் பார்ப்பதற்குள் கொடியை அவிழ்த்துவிட்டு, அதற்குப் பிறகு மொகாமி-சானைக் கூப்பிட்டால் போதும். கொடியில்லாத ஜன்னலைப் பார்த்துப் பதறிய நல்ல பையன் ஆகிவிடலாம். கிழவர் எப்படியும்... அந்த 'எப்படியும்' என்ற சொல்லில் மனசு வந்து நின்றதும் அவனுக்குத் தன்னைப் பார்த்தே பயமாகிவிட்டது. உடனே கைப்பேசியில் மொகாமி-சானைக் கூப்பிட்டான்.

"நான் ஷுன்பேய். குவாபாரா தாத்தா வீட்டைக் கொஞ்சம் போய்ப் பாக்குறீங்களா?"

"ஏன், அவருக்கென்ன? காலையிலயே கொடி பாத்தேனே. மொத ஆளா கட்டியிருந்தாரு."

"அது நான் கட்டினது."

"என்னது?"

"கொடிய நான்தான் கட்டினேன். இன்னிக்கு மட்டுமில்ல. வசந்தத்துலேர்ந்து தெனமும் நான்தான் கட்டுறேன். தாத்தாவை நேத்துலேர்ந்து நான் பாக்கல. உள்ள லைட் எரியுது. பேப்பர் எடுக்கல."

திட்டுவார் என்று காத்திருந்தான். திட்டவில்லை. கைப்பேசி வழியே செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு படியேறும் சத்தம். மொகாமி-சானுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துபோனவை. நின்று நின்று மூச்சு வாங்குவது அவன் காதுக்குள்ளேயே கேட்டது. ஏன் இவ்வளவு மெதுவாக ஏறுகிறார் என்று ஆத்திரப்பட்டான், பிறகு ஆத்திரப்பட்டதற்காக வெட்கப்பட்டான்.

கதவை இடிக்கும் சத்தம். "குவாபாரா-சான்! குவாபாரா-சான்!" மறுபடி இடி. பதிலில்லை.

"இரு தம்பி. பேப்பர இழுத்துட்டு துளை வழியா பாக்குறேன்." காகிதம் கிழிந்தது. "கால் தெரியுது. சமையக்கட்டுத் தரையில."

"அசையுதா?"

துளை வழியாக அவர் மறுபடி குவாபாராவின் பெயரைச் சொல்லிக் கத்தினார்.

"மொகாமி-சான், அசையுதா?"

"போனை வை. ஆம்புலன்ஸக் கூப்பிடணும்."

தொடர்பு அறுந்தது. ஷுன்பேய் திரும்பினான். அவன் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிவா மேடம் நின்றிருந்தார். எவ்வளவு கேட்டார் என்று அவன் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"கோவப்பட எனக்கு அப்புறம் நேரம் இருக்கு," என்றார். "மொதல்ல கோட்டைப் போடு." சாலையில் இறங்கி ஒரு டாக்ஸியை மறித்தார்.

வண்டியில் மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஷுன்பேய் கைப்பேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அது அடிக்க வேண்டும் என்றும், அடிக்கவே கூடாது என்றும் வேண்டிக்கொண்டான். அடிக்காத வரைக்கும் அவர் சாகவில்லை. தைவான் வேண்டாம், பட்டம் வேண்டாம், வீட்டை விட்டுத் துரத்தினாலும் பரவாயில்லை என்று தெரிந்த சாமி தெரியாத சாமிக்கெல்லாம் நேர்ந்துகொண்டான். பிணத்துக்குக் கொடி கட்டினேனா, பிணத்துக்குக் கொடி கட்டினேனா என்று ஒரே வாக்கியம் சக்கரத்தோடு சேர்ந்து ஓடியது.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஆம்புலன்ஸ் போய்விட்டிருந்தது. பூட்டு உடைந்த கதவு திறந்து கிடந்தது. மொகாமி-சான் நடைபாதையிலேயே முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உசிர் இருக்கு," என்றார்.

ஷுன்பேய் அங்கேயே உட்கார்ந்தான்.

"இடுப்பு எலும்பு போச்சு. உடம்பு ஐஸ் கட்டி. ஏதோ போர்வைய இழுத்துச் சுத்திக்கிட்டிருந்தாரு, அதனால தப்பிச்சாரு. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா கூட்டிட்டுப் போக ஆம்புலன்ஸ் தேவைப்பட்டிருக்காதுன்னு அந்த ஆளுங்க சொல்றாங்க." பிறகு அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "நீ பொய் சொன்னதுகூட இருக்கட்டும் தம்பி. நான் காலையில கீழ நின்னு அந்தக் கொடியப் பாத்து, அப்பாடான்னு சொல்லிட்டுப் போனேன் பாரு. அதை நெனச்சாத்தான் ஆறல."

சனிக்கிழமை மேடையில் ஷுன்பேயின் பெயர் இல்லை. அவனே மேடத்திடம் போய் எடுத்துவிடச் சொன்னான். அவர் ஏற்கெனவே எடுத்திருந்தார்.

அறுவைச் சிகிச்சை முடிந்து, பார்க்க ஆளை விடலாம் என்று சொன்ன பிறகுதான் அவன் ஆஸ்பத்திரிக்குப் போனான். போவதற்குள் இரண்டு முறை வாசல் வரைக்கும் போய்த் திரும்பியிருந்தான். குவாபாரா படுக்கையில் பாதியாகிக் கிடந்தார். கண் மட்டும் பழைய கண்.

"பேயறைஞ்ச மாதிரி நிக்காதடா. உக்காரு."

உட்கார்ந்தான். மன்னிப்புக் கேட்கிற மாதிரித் தலையை மட்டும் குனிந்து குனிந்து எடுத்தான்.

"போதும் நிறுத்து. கட்டச் சொன்னவன் நான்." கையை அசைத்தார். "குடிக்கத் தண்ணி புடிக்கப் போனேன், வழுக்கிருச்சு. சத்தம் போட்டுப் பாத்தேன். ஜன்னலெல்லாம் சாத்திக் கெடந்துச்சு, யாருக்கும் கேக்கல. நீ வந்து கொடிய அவுத்தது தெரிஞ்சுது. கூப்பிட்டேன். உனக்குக் கேக்கல."

ஷுன்பேய் காதைத் தொட்டான். காதில் எப்போதும் இருக்கும் பாட்டுக் கருவி அன்றைக்கும் இருந்தது.

"சரி, விடியட்டும்னு கெடந்தேன். ஒன்பது மணியானா அந்தப் பொம்பள கதவை இடிப்பாளே. எத்தனை நாள் அவளைச் சபிச்சிருப்பேன்! அன்னிக்கு ராத்திரி பூரா அவ இடிக்கிற சத்தத்துக்குத்தான்டா ஏங்கிக் கெடந்தேன். அப்பத்தான் உன் ஞாபகம் வந்துச்சு."

கிழவர் போர்வையை மார்பு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"சாமி கும்பிடற பழக்கமே எனக்குக் கெடையாது. அன்னிக்குக் கும்பிட்டேன். நாளைக்கு ஒருநாள் இந்தப் பய தூங்கிப்போகணும். காய்ச்சல் வந்து படுக்கணும். ஒரே ஒருநாள் கொடி கட்ட மறந்துறணும்னு. வெளுத்துச்சு. நடையில காலடி கேட்டுச்சு. கண்ணாடில உன் கை வந்துச்சு. கூப்பிடத் தொண்டையில சத்தமே இல்ல. காத்துல பறந்துறக் கூடாதுன்னு ரெண்டு முடிச்சு போட்டே. ஜன்னல் பூரா மஞ்சளாச்சு. போச்சுடா, இனிமே யாரும் வரமாட்டாங்கன்னு அப்பத்தான் தெரிஞ்சுது."

ஷுன்பேய் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

"நீ ஒருநாளும் தவறினதில்லையேடா," என்றார் குவாபாரா. அதை அவர் திட்டாகச் சொல்லவில்லை. நல்ல பையன் என்று ஊருக்குச் சொல்கிற குரலில்தான் சொன்னார்.