தூங்க மறுத்த கம்ப்யூட்டர்

பத்து நாளாக, பொற்கொடி வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போதெல்லாம் கம்ப்யூட்டர் விழித்துக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் மின்விசிறி இரைந்துகொண்டு, திரையில் வெளிச்சம் எரிந்துகொண்டு. காலையில் கிளம்பும்போது அவள்தான் அதைத் தூங்க வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

மொத்தமாக அணைத்துவிட்டால் தொல்லையில்லை. ஆனால் அது பழைய பெட்டி. அணைத்துப் போட்டால் எழுந்து வரக் கால் மணி நேரம் ஆகும். சாயங்காலம் டியூஷன் சென்டருக்குக் கேள்வித்தாள் டைப் செய்து கொடுக்கிற வேலை வேறு இருந்தது. அதனால் தூங்க வைப்பதுதான் வழக்கம்.

"என்னாங்க இது, பேய் புடிச்ச மாதிரி தானா முழிச்சுக்கிடுது," என்றாள் கட்டிலைப் பார்த்து. கட்டிலில் கணவர் மதுரைவீரன் படுத்திருந்தார். பதில் வராது என்று தெரிந்தாலும் அவரிடம் பேசுவதை அவள் விட்டதில்லை.

போன ஆடி மாதம் குளியலறையில் விழுந்தார். மூளையில் அடைப்பு என்றார்கள். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சும் போனது. 'ம்ம்' என்ற ஒரு ஒலிதான் மிச்சம். அதற்கு முன்பு பதினேழு வருஷம் ஓசூரில் வண்டிப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில், அச்சும் கருவியும் செய்கிற டூல் ரூமில், கம்ப்யூட்டரில் டிராயிங் போடுகிறவராக இருந்தார். தேனிப் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு இருவரும் இங்கே வந்தவர்கள். கம்ப்யூட்டர் அவர் வாங்கியதுதான். ஞாயிற்றுக்கிழமையும் அதன் முன்னால்தான் இருப்பார். விழுந்த பிறகு, இருக்கிற ஒரே கூடத்தில் கம்ப்யூட்டர் மேசைக்கு எதிராகவே கட்டிலைப் போட வேண்டியதாயிற்று. பொற்கொடி சூளகிரிப் பக்கம் ஒரு கம்பெனியில் பாகங்களில் நல்லது கெட்டது பார்த்துப் பிரிக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். காலை ஐந்தேகாலுக்கு பஸ். பகலில் பக்கத்து வீட்டு பூவம்மாள் வந்து அவருக்குக் கஞ்சி கொடுத்து, துணி மாற்றிவிட்டுப் போவாள்.

பாகலூர் ரோட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த ஜெகதீஷ் வந்து பார்த்தார். மதுரைவீரனுக்குப் பழைய பழக்கம். "சார், எப்படி இருக்கீங்க?" என்று கட்டிலருகே போய்க் கையைத் தொட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார்.

"நெட் ஒயர் வழியா எழுப்பும்க்கா. இல்லாட்டி அப்டேட்டுக்குன்னு தானே டைம் வெச்சு எழுந்துக்கும். ரெண்டையும் நிறுத்திட்டேன்."

மறுநாளும் விழித்திருந்தது. அதற்கு மறுநாளும். கரண்ட் ஓடுகிறதே என்பதைவிட, காரணம் தெரியாததுதான் பொற்கொடியை அரித்தது. போனில் சத்தம் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஜெகதீஷ் மறுபடியும் வந்தார். கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து ஏதோ டைப் செய்து பார்த்தார்.

"கடைசியா எழுப்பினது யாருன்னு இதுலயே சொல்லும்க்கா. மவுஸ்தான் எழுப்பியிருக்கு."

"மவுஸ யாரு தொடுறா? வீட்ல ஆளே இல்லயே."

"லாரி போறப்ப மேசை அதிர்ந்தாக்கூட போதும்." அவர் பட்டியலை மறுபடி பார்த்தார். "ஆனா ரெண்டு மவுஸ் காட்டுதே. ஒயர் இல்லாதது ஒண்ணு வெச்சிருந்தீங்களா?"

"அவரோடது. கட்டில எடுத்துப் போட்ட அன்னைக்கே எங்கயோ தொலஞ்சு போச்சு. அதனாலதான் இந்த ஒயர் மவுஸ் வாங்குனேன்."

ஜெகதீஷ் குனிந்து பெட்டியின் பின்பக்கம் தடவினார். நகம் அளவுக்கு ஒரு சின்னப் பொருள் செருகியிருந்தது. "பழைய மவுஸோட ரிசீவர். இது இருக்கிற வரைக்கும் எதையாவது சிக்னல்னு வாங்கிக்கிட்டு எழுப்பிட்டே இருக்கும். மவுஸே இல்ல, இது எதுக்கு? எடுத்துடட்டுமா?"

"எடுத்துடுங்க."

கட்டிலிலிருந்து 'ம்ம்' என்று சத்தம் வந்தது. இன்னொரு முறையும் வந்தது, சற்று உரக்க. பொற்கொடி தண்ணீர் கொண்டுபோனாள். அவர் வாயைத் திறக்கவில்லை. தண்ணீர் மோவாயில் வழிந்தது. துடைத்துவிட்டு, "பொறுங்க, முடிஞ்சிருச்சு," என்றாள். ஜெகதீஷ் ரிசீவரை மேசை இழுப்பறையில் போட்டு மூடினார்.

அன்றிலிருந்து கம்ப்யூட்டர் நன்றாகத் தூங்கியது. வேலை விட்டு வரும்போது திரை இருட்டாக இருந்தது. ஒரு தொல்லை தீர்ந்தது என்று பொற்கொடி நிம்மதியானாள்.

அந்த வாரமே மதுரைவீரன் கஞ்சியைப் பாதியில் நிறுத்த ஆரம்பித்தார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். வெயில் காலம், வாய் கசக்கும் என்று பொற்கொடி நினைத்தாள். மோரில் உப்புப் போட்டுக் கொடுத்துப் பார்த்தாள்.

பதினாறு நாள் கழித்து சானமாவுக் காட்டிலிருந்து யானைக் கூட்டம் ரோட்டோரம் இறங்கிவிட்டது. வனத்துறைக்காரர்கள் வண்டிகளை இரண்டு மணி நேரம் நிறுத்தி வைத்தார்கள். பஸ்ஸிலிருந்தே பூவம்மாளுக்குப் போன் செய்து, தான் வரும்வரை வீட்டில் இருக்கச் சொன்னாள் பொற்கொடி. அவள் வந்து சேர்ந்தபோது பூவம்மாள் கட்டிலருகே உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, கம்ப்யூட்டரு கெட்டுப் போச்சா? இப்பல்லாம் எரியறதே இல்ல."

"கெட்டதைத்தாம்மா சரி பண்ணினோம். தானா எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சே."

"தானாவா?" பூவம்மாள் விசிறியை நிறுத்தினாள். "அவருதானே போடுவாரு. அந்த எலி மாதிரி ஒண்ணு இருக்குதே, அத இடது கையில வெச்சிகினு நகத்திகினே இருப்பாரு. கட்டிலுக்குப் பின்னால கெடந்தது. காட்டினாரு, எடுத்துக் குடுத்தேன். நான் போறப்ப மெத்தைக்கு அடியில வெக்கச் சொல்லுவாரு, கண்ணாலயே. உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சிருந்தேன்."

பொற்கொடி பையைக்கூடத் தோளிலிருந்து இறக்கவில்லை. கட்டிலின் இடது ஓரத்தில் மெத்தையைத் தூக்கினாள். மவுஸ் இருந்தது. அதன் கீழே, தேய்ப்பதற்கு வாகாக ஒரு பழைய டைரியின் அட்டை.

"கொஞ்ச நாளா அமுக்கி அமுக்கிப் பாத்தாரு," என்றாள் பூவம்மாள். "எரியல. அப்புறம் கேக்கறதையே விட்டுட்டாரு."

பொற்கொடி இழுப்பறையைத் திறந்து ரிசீவரைத் தேடி எடுத்துச் செருகி, மவுஸை நகர்த்தினாள். திரை எரிந்தது. அவர் கம்பெனியில் பயன்படுத்திய அதே டிராயிங் மென்பொருளைத் திறந்து பார்த்தாள். அவள் அதைத் தொட்டதே இல்லை. கடைசியாகத் திறந்த கோப்புகள் வரிசையாக வந்தன. டிராயிங் ஒன்று, டிராயிங் இரண்டு என்று மென்பொருள் தானே வைத்த பெயர்கள். பத்தொன்பது வரை இருந்தன. நாளைக்கு ஒன்று, சில நாளில் இரண்டு. கடைசித் தேதி, ஜெகதீஷ் ரிசீவரை எடுத்ததற்கு முந்தின நாள்.

முதல் கோப்பில் நான்கு கோடுகள் இருந்தன. கோடு நேராகத்தான் இருந்தது. அது மென்பொருளின் வேலை. ஆனால் முனைகள் ஒன்றோடொன்று சேரவில்லை. ஒன்று மேலே போயிருந்தது, ஒன்று பாதியில் நின்றிருந்தது. ஐந்தாவதிலும் அப்படியே. எட்டாவதில் இரண்டு மூலை கூடியிருந்தது. பதின்மூன்றாவதில் நான்கும் கூடி ஒரு சதுரம். பத்தொன்பதாவதில் சதுரத்துக்குள் நான்கு வட்டங்கள், மூலைக்கு ஒன்றாக, விளிம்பிலிருந்து ஒரே அளவு தள்ளி.

வலது கைக்காரர் இடது கையால், படுத்துக்கொண்டு போட்டது. நன்றாக வந்த பிறகு காட்டலாம் என்று வைத்திருப்பார். முன்பும் அவர் அப்படித்தான். முடிக்காத டிராயிங்கை யாரையும் பார்க்க விடமாட்டார்.

"நான்தாங்க பிடுங்கச் சொன்னேன்," என்றாள் பொற்கொடி. "நீங்க சத்தம் குடுத்தீங்க. தண்ணிக்குன்னு நெனச்சுட்டேன்." பூவம்மாள் எழுந்து வெளியே போனாள்.

அவர் அவளையே பார்த்தார். கோபம் இருந்ததா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. மவுஸை அவருடைய இடது கைக்குள் வைத்தாள். திரையில் அம்புக்குறி மெதுவாக நகர்ந்தது, நின்றது. ஆள்காட்டி விரலால் அமுக்கப் பார்த்தார். விரல் மடங்கியதே தவிர, அழுத்தம் வரவில்லை. நான்கைந்து முறை முயன்றார். பிறகு மவுஸை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். இமையோரம் ஈரம் கசிந்து காதுப்பக்கம் இறங்கியது.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது டாக்டர் அவரது இடது கையைப் பிடித்துத் தன் விரலை இறுக்கச் சொன்னார். திரும்பத் திரும்பச் சொன்னார்.

"இந்தக் கையும் முன்ன மாதிரி இல்லம்மா. சின்னதா இன்னொரு அடைப்பு வந்திருக்கலாம்."

"எப்ப வந்திருக்கும் சார்?"

"சொல்ல முடியாது. பத்து நாளாகவும் இருக்கலாம், ஒரு மாசமாகவும் இருக்கலாம்."

"பயன்படுத்தாம விட்டதால வந்திருக்குமா?"

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "அப்படியெல்லாம் சொல்ல முடியாதும்மா," என்றார். எல்லோரிடமும் அவர் அப்படித்தான் சொல்வாரோ என்று ஆட்டோவில் வரும் வழியெல்லாம் அவள் யோசித்துக்கொண்டே வந்தாள்.

டியூஷன் சென்டர் பிரிண்டரில் அந்தப் பத்தொன்பதாவது டிராயிங்கைத் தாளில் எடுத்துவந்து, அவர் முகம் திருப்பிப் படுக்கிற சுவரில் ஒட்டினாள். அவர் நெடுநேரம் அதைப் பார்த்தார். அன்றைக்குக் கஞ்சியை முழுக்கக் குடித்தார்.

மறுநாள் பூவம்மாள் அதன் முன்னால் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"இது என்னாம்மா, ஜன்னலா?"

"இல்லம்மா. இரும்புத் தகடு. எங்க கம்பெனியிலயும் இந்த மாதிரி வரும். நாலு மூலையிலயும் போல்ட்டு மாட்ட ஓட்ட."

"எதுல மாட்டறதுக்கு?"

பொற்கொடிக்குத் தெரியவில்லை. அவரிடம்தான் கேட்க வேண்டும்.