இரண்டாவது வரிசைத் தூக்கம்

நூலகத்து மாடிக் கூடத்தில் மொத்தம் நூற்று எண்பது நாற்காலிகள். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அங்கே நடந்த ஸ்டீல் கிட்டார் கச்சேரியை நேரில் கேட்டதாகச் சொல்லிக்கொள்கிறவர்களை இன்று எண்ணினால் ஆயிரம் பேர் தேறுவார்கள். அதில் பாதிப் பேர், கடைத் தெரு ரொட்டிக்காரர் சொல்லக் கேட்டுக் கேட்டு, நாமும் அங்கேதான் இருந்தோம் என்று நம்பத் தொடங்கிவிட்டவர்கள். மனிதர் அப்படிச் சொல்லுவார்.

மாலை நாலு மணிக்கு இரண்டாம் ஈடு ரொட்டி அடுப்பிலிருந்து வெளியே வரும். சூடு ஆறாமல் துண்டு போட முடியாது. அந்தக் கால்மணி நேரம் வாங்க வந்தவர்கள் எங்கேயும் போக முடியாது என்பது அவருக்குத் தெரியும். ஒரு நீள ரொட்டியை எடுத்து மடியில் படுக்கவைப்பார். இடது கையில் ஒரு ரஸ்க். அதுதான் தந்திகள்மேல் வழுக்குகிற எஃகுத் துண்டு.

"மொத மூணு பாட்டும் இடி மின்னல்தான். கூரை பறந்துடும்னு நெனச்சேன். நாலாவதுக்கு வந்தார் பாருங்க, ஒரேயடியா இறக்கிட்டார்! மேலே ஓடுற மின்விசிறி சத்தம் கேக்குது. அதுக்கும் கீழே கிட்டார் கேக்குது. ஒருத்தர் மூச்சு விடல. ஏன் அப்படி இறக்கினார் தெரியுமா? காதல் தோல்வி. அந்த நேரம் பாத்து மனுஷனுக்கு அந்தப் பொண்ணு ஞாபகம் வந்துடுச்சு."

இந்த இடத்தில் ரஸ்க் ரொட்டியின் முனைவரை மெல்ல வழுக்கி நிற்கும். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு ரொட்டி சேர்த்து வாங்கிப் போவார்கள்.

ரொட்டிக்காரர் அன்று அந்தக் கூடத்தில் இருந்தார். அதில் பொய்யே இல்லை. இரண்டாவது வரிசை, ஓர நாற்காலி. கிழித்த டிக்கெட்டைக்கூடக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறார். ஆனால் முதல் பாட்டுக்குச் சுருதி சேர்க்கும்போதே அவர் தூங்கிப்போனார். கடைசிக் கைதட்டலில்தான் விழித்தார். ரொட்டி போடுகிறவனுக்குப் பொழுது விடிவது இரண்டரை மணிக்கு. சாயங்காலம் ஆறு மணிக்கு மெத்தை நாற்காலியில் உட்காரவைத்தால் அவன் என்னதான் செய்வான்?

அன்று வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் அவர் மனைவிதான் பாட்டுப் பாட்டாக விவரித்துக்கொண்டு வந்தாள். மறுநாள் ஒரு வாடிக்கையாளர், "கச்சேரிக்குப் போனீங்களாமே, எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். தூங்கிவிட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மனைவி சொன்னதை எடுத்துவிட்டார். அடுத்தவருக்குக் கொஞ்சம் கண் மூக்கு வைத்துச் சொன்னார். ஒரு மாதத்தில் காதல் தோல்வியும் வந்து சேர்ந்துகொண்டது. மனைவி கல்லாவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஒருநாளும் காட்டிக்கொடுத்ததில்லை. கதை முடிந்ததும் மெதுவாக ஒரு கொட்டாவி மட்டும் விடுவாள்.

இதெல்லாம் யாருக்கும் கெடுதல் இல்லாத புளுகு என்றுதான் அவரும் நினைத்திருந்தார். பொடிசு வரும்வரைக்கும்.

பொடிசு என்பது மனைவியின் அண்ணன் மகள். இப்போது இருபத்தெட்டு வயது. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. ஆனாலும் அவள் இன்னும் பொடிசுதான். ஆறு வயதில் அத்தை வீட்டுக்கு வரும்போதெல்லாம் மாவு மூட்டைமேல் ஏறி உட்கார்ந்து, "மாமா, அந்த நாலாவது பாட்டு" என்பாள். அவரும் சளைக்காமல் சொல்லுவார். பதினாலு வயதில் எனக்கு ஸ்டீல் கிட்டார்தான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கினாள். மற்றவர்கள் அதிர அதிர வாசித்தால் இவள் மட்டும் தணித்துத் தணித்து வாசிப்பாள். வலது காலுக்கடியில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிதி ஒன்று இருக்கும். அதன் குதிகால் பக்கம் தேய்ந்துபோய் இரண்டுமுறை மாற்றியிருக்கிறாள். அந்த மின்விசிறிச் சத்தத்துக்கும் கீழே போக வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே குறி.

ஒரு செவ்வாய்க்கிழமை அவள் கடைக்குள் ஓடி வந்தாள்.

"மாமா! எனக்கு நூலகக் கூடத்துல கச்சேரி! அதே கூடம், அதே மேடை. அவரும் வர்றார். அன்னிக்கு வாசிச்ச அதே பெரியவர். கடுதாசி போட்டேன், வர்றேன்னுட்டார்."

"அடி சக்கை!" என்றார் ரொட்டிக்காரர். மாவுக் கையோடு அவள் தலையில் தட்டினார். சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

"நான் வாசிக்கிறதுக்கு முன்னாடி நீங்க மேடை ஏறி அன்னிக்கு நடந்ததைச் சொல்லணும். அவர் முன்னாடி. வேற யார் மாமா சொல்ல முடியும்?"

கல்லாவிலிருந்து ஒரு நீளக் கொட்டாவிச் சத்தம் கேட்டது.

அன்று இரவு அவருக்குச் சோறு இறங்கவே இல்லை. "இப்ப என்னடி பண்றது?" என்றார்.

"உண்மையைச் சொல்லிடுங்க."

"சொன்னா அவ என்ன ஆவா? பதினாலு வருஷமா விரல் தேய வாசிக்கிறா. எல்லாம் நான் கேட்டேன்னு நம்பி. நான் ஒரு சத்தம்கூடக் கேக்கலைன்னு தெரிஞ்சா, அந்த மனசோட மேடையில உக்காந்து எப்படி வாசிப்பா?"

"சொல்லாம விட்டா அந்தப் பெரியவர் முன்னாடி நின்னு காதல் தோல்வின்னு அளப்பீங்களா?"

அதை அவர் யோசிக்கவே இல்லை.

அந்த வாரம் மூன்றுமுறை பொடிசிடம் சொல்லிவிடப் பார்த்தார். முதல் தடவை, சூடான பன் ஒன்றைக் கையில் கொடுத்து, "அந்தக் கச்சேரி இருக்கே" என்று தொடங்கினார். அவள் கண்கள் மாவு மூட்டைக் காலத்துக்கே போய்விட்டன. "சொல்லுங்க மாமா" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். அவர் பாழாய்ப்போன பழக்கத்தில் ரஸ்க்கை எடுத்துவிட்டார். மற்ற இரண்டு தடவையும் இதே கதிதான்.

கச்சேரிக்கு முதல்நாள் ராத்திரி அவர் பொட்டுக்கூடக் கண் மூடவில்லை. விடியற்காலையில் மாவில் உப்பை இரண்டுமுறை போட்டார். மனைவி அவரை அடுப்பறையிலிருந்து வெளியே தள்ளிவிட்டுத் தானே மாவு பிசைந்து, தானே தட்டுகளை அடுப்பில் ஏற்றி, இரண்டு ஈடும் தானே எடுத்தாள். சாயங்காலம் அவசரமாகக் குளித்துப் புடவை மாற்றியபோதும் காது மடலில் மாவு ஒட்டியிருந்தது. ரொட்டிக்காரர் தூங்கிவிடக் கூடாது என்று ஐந்து காபி குடித்திருந்தார்.

கூடம் நிறைந்துவிட்டது. முதல் வரிசையில் பெரியவர். மெலிந்த உடம்பு, வெள்ளைத் தலை. வாசிக்க முடியாமல் நடுங்கும் விரல்களை மடியில் கோர்த்து வைத்திருந்தார். மேடையில் பொடிசு கிட்டாரைத் தன் முன்னால் படுக்கவைத்து, விரல்களில் தந்தி மீட்டும் நகக் கவசங்களை மாட்டிக்கொண்டு, "எங்க மாமா பேசுவார்" என்றாள். அந்தக் குரலில் அத்தனை பெருமை.

ரொட்டிக்காரர் மைக் முன்னால் நின்றார். நூற்று எண்பது முகங்கள். எல்லாம் அவர் ரொட்டி தின்று வளர்ந்த முகங்கள்.

"அன்னிக்கு மொத மூணு பாட்டும் இடி மின்னல்..." என்று ஆரம்பித்தார். பெரியவர் தலையைச் சாய்த்து அவரையே உற்றுப் பார்த்தார். ரொட்டிக்காரர் அதோடு நிறுத்திக்கொண்டார்.

"இல்லைங்க" என்றார். "அது என் சம்சாரம் சொன்னது. நான் எதையும் கேக்கல. ரெண்டாவது வரிசையில உக்காந்து தூங்கிட்டேன். ஆரம்பத்துலேர்ந்து முடியுற வரைக்கும் தூங்கினேன். இருபத்திரண்டு வருஷமா உங்க எல்லார்கிட்டயும் புளுகிக்கிட்டு இருக்கேன். ஐயா, மன்னிக்கணும். பொடிசு, நீயும் மன்னிக்கணும்மா."

கூடத்தில் யாரோ களுக்கென்று சிரித்து அடக்கிக்கொண்டார்கள். அவர் பொடிசின் பக்கம் திரும்பவே பயந்தார்.

முதல் வரிசையில் நாற்காலி நகரும் சத்தம். பெரியவர் எழுந்திருந்தார்.

"ரெண்டாவது வரிசை, ஓரத்துச் சீட்டு" என்றார். "வாய் திறந்திருந்துச்சு. புருவமெல்லாம் மாவு. நீங்கதானா அது!"

ரொட்டிக்காரரின் கை தானாகப் போய்ப் புருவத்தைத் துடைத்தது.

"அன்னிக்கு வரைக்கும் நான் சத்தமா வாசிக்கிற ஆளுங்க. எனக்கு முன்னாடி ஒருத்தர் தூங்குறதா? எழுப்பாம விடுறதில்லைன்னு மூணு பாட்டு வெளுத்து வாங்கினேன். அசையவே இல்ல. நாலாவதுக்கு இன்னும் ஏத்தலாம்னு காலை மிதியில வெக்கிறேன். பக்கத்துல ஒரு அம்மா. புருஷன் தலைக்குத் தோளைக் குடுத்துட்டு ஆடாம அசையாம உக்காந்திருக்காங்க. என்னைப் பார்த்து இப்படிப் பண்ணினாங்க."

பெரியவர் நடுங்கும் விரலை உதட்டின்மேல் வைத்துக் காட்டினார்.

"மேடையில இருக்கிறவனைப் பார்த்து! எனக்குக் கோபம் வரணும். வரல. அவங்க முகத்தைப் பார்த்தா அந்த மனுஷன் எவ்வளவு நாள் தூக்கம் பாக்கின்னு தெரிஞ்சுச்சு. சரி, எழுப்பாமதான் வாசிப்போமேன்னு இறக்கினேன். இறக்க இறக்க, அடடா, அங்கே இவ்வளவு இடம் இருக்கான்னு எனக்கே அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் எங்கே போனாலும் அந்த நாலாவது பாட்டைத்தான் கேட்டாங்க. சத்தமா வாசிக்க ஊருக்குப் பத்துப் பேர் இருந்தாங்க. அப்படி வாசிக்க நான் ஒருத்தன்தான். உங்க தூக்கத்துல பொழைச்சவன்யா நான்."

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. ரொட்டிக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

"இதை ஏண்டி சொல்லல?" என்று மைக்கிலேயே கேட்டுவிட்டார்.

"ஒரு வித்துவானை வாயை மூடுன்னு சொன்னேன்னு எந்த முகத்தோட சொல்றது?" என்று முந்தானைக்குள்ளிருந்து பதில் வந்தது. "நீங்க மூணு நாளாத் தூங்கல அப்போ. அடுப்பு வேற ரிப்பேர்."

சிரிப்பு அடங்கியபிறகுதான் அவருக்குப் பொடிசின் பக்கம் திரும்பத் தைரியம் வந்தது. அவள் எஃகுத் துண்டைக் கையில் இறுகப் பிடித்திருந்தாள். கண் நிறைந்திருந்தது.

"நீங்க கேக்கலைன்னா என்ன மாமா?" என்றாள். "நான் கேட்டேனே. மாவு மூட்டை மேல உக்காந்து நான் கேட்டேன்."

அவர் மூக்கை உறிஞ்சினார்.

"அப்போ அந்தக் காதல் தோல்வி?"

"அது என் சொந்தச் சரக்கும்மா."

"போய் உக்காருங்க. இன்னிக்காவது முழிச்சிருங்க."

அவர் இறங்கி வந்து இரண்டாவது வரிசையில் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார். ஐந்து காபியும் உள்ளே வேலை செய்துகொண்டிருந்தன. முதல் பாட்டு தொடங்கியது. எஃகு தந்திமேல் வழுக்கியபோது அந்த ஒலி ஒரு குரல் போல வளைந்து எழுந்தது. இத்தனை வருடமாக ரஸ்க்கை வைத்து வழுக்கிக் காட்டியதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று அவருக்குத் தோன்றியது. வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது.

மூன்றாவது பாட்டின் நடுவில் தோள் கனத்தது. திரும்பிப் பார்த்தார். இரண்டரை மணிக்கு எழுந்தவள், இரண்டு ஈடும் தனியாக எடுத்தவள், இருபத்திரண்டு வருட ரகசியத்தை இறக்கி வைத்தவள், வாயைக் கொஞ்சம் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். காது மடலில் மாவு அப்படியே இருந்தது.

ரொட்டிக்காரர் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தார். பாட்டு முடிந்தது. கைதட்டலிலும் அவள் விழிக்கவில்லை. பொடிசு நாலாவது பாட்டுக்குக் காலை மிதியில் வைத்து நிமிர்ந்தாள். அவர் அவள் கண்ணைப் பார்த்து, விரலை எடுத்து உதட்டின்மேல் வைத்தார்.

பொடிசு அத்தையைப் பார்த்தாள். சிரிப்பு பொங்கியதை அடக்கிக்கொண்டு தலையாட்டினாள். பிறகு இறக்கினாள். இன்னும் இறக்கினாள். முன்வரிசையில் பெரியவரின் விரல்கள் மடியில் நடுங்குவதை நிறுத்தியிருந்தன. மேலே மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒருமுறை கிறீச்சென்றது. இத்தனை காலமாக ஊருக்கெல்லாம் சொல்லிவந்த அந்தச் சத்தத்தை அவர் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார். அதற்கும் கீழே கிட்டார் கேட்டது. அவர் கண்ணீரைத் துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை. எடுத்தால் தோள் அசையும்.

இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். கடைத் தெரு திரும்பியதும் மனைவி அவர் கையை மெல்ல இடித்தாள்.

"நாலாவது பாட்டு எப்படி இருந்துச்சு? சொல்லுங்க" என்றாள். "ஆனா நடந்ததை மட்டும் சொல்லணும்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். கையில் ரஸ்க் இல்லை. இருபத்திரண்டு வருடமாக நிற்காமல் ஓடிய வாய்க்கு அன்று ஒரு வார்த்தையும் அகப்படவில்லை. அவள் பொறுமையாகக் காத்துக்கொண்டு கூடவே நடந்தாள்.

"மின்விசிறிக்கு எண்ணெய் போடணும்" என்றார் கடைசியில்.