ஏரிக்கு முன்னால் ஒரு சைக்கிள்

எங்கள் ஊர் ஏரி நிரம்பிவிட்டால் அதைச் சைக்கிளில் கீழ்ப்பொய்கைக்குக் கூட்டிக்கொண்டு போய் விட வேண்டும். இந்த வருஷம் என் முறை.

வேலை ஒன்றும் பெரிதில்லை. கரையில் சைக்கிள் ஏறி மணி அடித்தால் ஏரி எழுந்து பின்னால் வரும். தார் ரோட்டில் வராது, அதற்குச் சூடு ஆகாது. சரளைப் பாதையில்தான் வரும். அதனால் பஞ்சாயத்தில் தடித்த டயர் போட்ட சைக்கிள் ஒன்று வாங்கி வைத்திருக்கிறார்கள். அதற்கு ஸ்டாண்டு கிடையாது. நிறுத்துவதற்காக யாரும் அதை வாங்கவில்லை.

கால் ஊன்றக் கூடாது. அது ஒன்றுதான். ஓட்டுகிறவன் எங்கே காலைத் தரையில் வைக்கிறானோ அங்கே ஏரி உட்கார்ந்துவிடும். போன வருஷம் தணிகாசலம் செருப்பு கழன்றதென்று காலை ஊன்றினான். ஏரி ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்துவிட்டது. பொண்ணும் மாப்பிள்ளையும் இன்னும் மேடையில்தான் இருக்கிறார்கள். நாங்கள் பரிசலில் போய் அட்சதை போட்டுவிட்டு வந்தோம்.

ஆள் மாற்றிக்கொள்ளலாம். இன்னொரு சைக்கிள் எனக்கும் ஏரிக்கும் நடுவில் புகுந்துவிட்டால் ஏரி அதன் பின்னால் போய்விடும். அப்படிப் புகுவதற்கு இதுவரை யாரும் வந்ததில்லை. திரும்பிப் பார்க்கவும் கூடாது. சாமி குத்தம் என்றெல்லாம் இல்லை. சரளையில் சக்கரம் வழுக்கும், அவ்வளவுதான்.

என் கஷ்டம் வேறு. கீழ்ப்பொய்கைக்குப் போகிற வழியில் நார்த்தங்குப்பம் இருக்கிறது. என் மாமனார் ஊர். என் மனைவி அஞ்சலாட்சி தலைப்பிரசவத்துக்கு அங்கே போயிருந்தாள். காலையில் போன் செய்தாள். பெண் குழந்தையாம்.

"எப்ப வர்றீங்க?" என்றாள்.

"கெளம்பிட்டேன்" என்றேன். பொய்யில்லை. அப்போதே சைக்கிளில்தான் இருந்தேன். பின்னால் ஏரி எழுந்து நின்றது.

மேடு ஆரம்பித்தது. கொண்டாமலை ஏற்றத்தில் சரளை பெரிது பெரிதாகக் கிடக்கும். வேகமாக மிதித்தால் ஏரி வழி தவறிவிடும். மெதுவாக மிதித்தால் பின் சக்கரம் நனையும். நனைந்தால் பிடிப்பு போய்விடும். நான் நடுவாக மிதித்தேன். ஏரிக்கு மூச்சு வாங்கும் சத்தம் முதுகில் பட்டது. அதில் மீன் வாசனை இருந்தது.

மலைக்கு அந்தப் பக்கம் பழையநல்லூர். அது சரித்திர ஊர். யாரும் எதையும் மாற்றக் கூடாது என்று போர்டு வைத்திருக்கிறார்கள். அதனால் அங்கே யாரும் எதையும் முடிப்பதில்லை. ஒருவர் வாயில் பல்குச்சியோடு நின்றார். ஒரு அம்மாள் முறத்தைத் தூக்கிப் புடைத்திருந்தாள். அரிசி இன்னும் மேலே இருந்தது.

ஊர் எல்லையில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் கை காட்டினார்.

"எந்த நூற்றாண்டு?"

"இதுதாங்க."

"எதையும் தொடாம போ."

"எவ்ளோ நேரம் ஆவும்?"

"இங்க அஞ்சு நிமிசம். வெளிய எவ்ளோ ஆவும்னு எங்களுக்குத் தெரியாது."

"எங்கொழந்தையப் பாக்கணும். இன்னிக்குத்தான் பொறந்துச்சு."

"அது வெளிய நடக்கற விசயம்" என்றார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் வேறு பாதை இல்லை. நடுகல்லில் இருந்த வீரன் குதிரையைக் கொஞ்சம் ஓரம் கட்டி எனக்கு வழி விட்டான். ஏரி பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போவது போல எதிலும் படாமல் பின்னால் வந்தது. அதற்கு இருக்கிற அறிவு எங்கள் பஞ்சாயத்தில் பாதிப் பேருக்கு இல்லை.

இறக்கத்தில் நார்த்தங்குப்பம் தெரிந்தது. கிண்ணத்தின் அடியில் வைத்த மாதிரி ஊர். சுற்றிலும் குன்று. ஊரை வளைத்துக்கொண்டு சரளைப் பாதை போகும். கிழக்கு முனையில் ஒரு கிளை பிரிந்து குன்றின் இடுக்கு வழியாகக் கீழ்ப்பொய்கைக்குப் போகும். இங்கே கால் ஊன்றினால் ஓட்டு வீடுகளுக்கு மேலே தாமரைதான் பூக்கும்.

பாதையில் என் மாமனார் கன்னியப்பன் நின்றிருந்தார். புது வேட்டி கட்டியிருந்தார். பக்கத்தில் பங்காளிகள். அஞ்சலாட்சியின் சித்தி ஆலாத்தித் தட்டோடு நின்றாள். கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

எங்கள் பக்கம் மாமனாரைக் கண்டால் மாப்பிள்ளை சைக்கிளை விட்டு இறங்க வேண்டும். இறங்காமல் போனவன் கதையைப் பேரன் பேத்தி காலம்வரை பேசுவார்கள். அவரைப் பார்த்ததும் என் வலது கால் என்னைக் கேட்காமல் பெடலை விட்டு இறங்கியது. பின்னால் ஏரி உட்காருவதற்குத் தயாராகக் குனிவது கேட்டது. கால் சரளைக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு காலைத் திரும்ப எடுத்துப் பெடலில் வைத்தேன். மரியாதையைத் தூக்குவது இவ்வளவு கனமென்று எனக்குத் தெரியாது.

"இன்னா மாப்ள, எறங்க மாட்டீங்களா?"

"எறங்கக் கூடாது மாமா. பின்னால ஏரி வர்து."

"எங்க வூட்டுக்கு யாரு வந்தாலும் எறங்கித்தான் வருவாங்க."

"ஊரு முழுவிப்பூடும் மாமா."

"முழுவட்டும். மரியாதன்னு ஒண்ணு இல்ல?"

பங்காளிகள் தலையாட்டினார்கள். நியாயம் அவர் பக்கம் இருப்பதாகவே எனக்கும் பட்டது. அதற்குள் வீட்டைக் கடந்துகொண்டிருந்தேன். வாசலில் அஞ்சலாட்சி ஒரு கையில் குழந்தையும் மறு கையில் காபியுமாக நின்றாள். வெயில் படுமென்று குழந்தையைத் துண்டால் மூடியிருந்தாள். ஒரு பாதம் மட்டும் வெளியே தெரிந்தது. அவ்வளவு சின்னப் பாதத்தை நான் பார்த்ததில்லை.

"துண்ட எடு" என்று கத்தினேன். எடுப்பதற்குள் வீடு பின்னால் போய்விட்டது.

கிழக்கு முனை வந்தது. கிளைப் பாதை கீழ்ப்பொய்கைக்குப் பிரிந்தது. அதில் போயிருக்க வேண்டும். நான் ஊரைச் சுற்றும் பாதையில் ஹேண்டில்பாரைத் திருப்பினேன். முகத்தை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்று நினைத்தேன். ஏரியும் கூடவே வளைந்து வந்தது.

மறுபடி வீடு வந்தது. மாமனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அஞ்சலாட்சி இடுப்பில் குழந்தை உட்கார்ந்திருந்தது. கீழே இரண்டு பல். அது என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஏரியைப் பார்த்துச் சிரித்தது.

"பேரு இன்னா வெச்சீங்க?"

"பச்சையம்மா."

"என்னக் கேக்கவே இல்ல?"

"நீங்க எறங்கவே இல்லியே" என்றாள். அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு வலித்தது.

அடுத்த சுற்றில் பச்சையம்மா சுவரைப் பிடித்து நின்றாள். அதற்கடுத்ததில் பாதையோரம் ஓடி வந்தாள். முழங்காலில் சிராய்ப்பு இருந்தது. எப்படி விழுந்தாளென்று கேட்டேன். பதில் அவள் வாயிலிருந்து புறப்பட்டது, என்னை எட்டவில்லை. அஞ்சலாட்சி கையில் அதே காபியில் ஆவி பறந்தது. கற்பூரம் அப்படியே எரிந்தது. குழந்தை மட்டும்தான் வளர்ந்தாள்.

அப்போதுதான் முன்னால் தண்ணீரைப் பார்த்தேன். ஏரியின் வால். நான் சுற்றச் சுற்ற ஏரி ஊரை வளைத்துக்கொண்டு நீண்டுவிட்டது. அதன் வாலுக்கும் என் முன் சக்கரத்துக்கும் நடுவில் கொஞ்சம் சரளைதான் பாக்கி இருந்தது. தலையும் வாலும் சேர்ந்துவிட்டால் நான் கால் ஊன்ற வேண்டியதே இல்லை. அது தானாக உட்கார்ந்துவிடும்.

இனி ஒரு சுற்றுக்கும் இடமில்லை. கிழக்கு முனையில் கிளையில் திரும்பிப் போய்விட வேண்டும். ஒரு சுற்றுக்கே இவ்வளவு வளர்கிறாள்; போனால் அடுத்த தடவை அவளைப் பார்க்கும்போது அவளுக்கே நரைத்திருக்கும். எனக்கு அழுகை வந்தது. கையை எடுத்துத் துடைக்க முடியவில்லை. பின் சக்கரம் நனைந்துவிட்டது. சைக்கிள் பக்கவாட்டில் இழுத்தது.

வீட்டு வாசலில் பச்சையம்மா இல்லை. மாமனார் இருந்தார், காபி இருந்தது. அவளைக் காணோம்.

பின்னால் சரளை நொறுங்கியது. தடித்த டயர் சத்தம். எனக்கும் ஏரிக்கும் நடுவில், ஒரு ஆள் நுழையவே இடமில்லாத இடத்தில், யாரோ சைக்கிள் மிதித்தார்கள்.

"எறங்குப்பா" என்றது ஒரு பெண் குரல்.

"யாரு?"

"நாந்தான். நா இஸ்துக்கினு போறேன். நீ எறங்கு."

"உனக்கு ஓட்டத் தெரியுமா?"

"ஒன்னப் பாத்துக்கினேதான வளந்தேன்."

"கால மட்டும் ஊனாத."

"தெரியும்பா."

"திரும்பிப் பாக்காத."

"அதுவும் தெரியும். எறங்கு, வாலு கிட்ட வந்துடுச்சு."

நான் ஓரம் கட்டினேன். அவள் என்னைத் தாண்டினாள். பச்சை ரிப்பன், முதுகில் வியர்வை, காதோரம் என் அம்மாவுடையதைப் போன்ற சுருள் முடி. இவ்வளவுதான் பார்த்தேன். அவள் தண்ணீரின் வாலில் மோதப்போகிற நேரத்தில் ஹேண்டிலை ஒடித்துக் கிழக்குக் கிளையில் புகுந்தாள். ஏரி அவள் பின்னால் திரும்பியது. என் பக்கமாகப் போகும்போது முழங்காலை ஈரமாக ஒரு தடவை தொட்டுவிட்டுப் போனது.

காலைத் தரையில் வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. அது வெறும் தரைதான்.

மாமனார் வேட்டியை உதறிக்கொண்டு வந்தார். "இப்பதான் எறங்கணும்னு தோணுச்சா மாப்ள?" என்றார். பங்காளிகளின் முகம் தெளிந்தது. சித்தி ஆலாத்தி சுற்றினாள். அஞ்சலாட்சி காபியைக் கொடுத்தாள். நாக்கைச் சுடுகிற சூடு.

குன்றின் இடுக்கில் பச்சை ரிப்பன் ஏறிக்கொண்டிருந்தது. ஏரி முழுதும் பின்னால் போனது, கொக்குகளோடு. நல்ல ஏற்றம் அது. அவள் நடுவாக மிதித்தாள், வேகமும் இல்லை, மெதுவும் இல்லை.

"மொகத்தப் பாத்தீங்களா?" என்று அஞ்சலாட்சி கேட்டாள்.

"நேரா பாக்கல."

"ஒரு வாட்டி கூப்புடுங்களேன். கேக்கற தூரந்தான்."

கூப்பிடலாம். பெயர் தெரியும். குரலும் இருந்தது. நான் காபியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள். சரளையில் சக்கரம் வழுக்கும்.