மிச்சக்காரன்

அவளுடைய இடது பாதம் பிறவியிலேயே சின்னது. வலது பாதத்துக்கு ஆறாம் நம்பர் ஷூ என்றால் இடதுக்கு மூணாம் நம்பர். பள்ளிக்கூடத்துக்குக் கறுப்பு ஷூ எடுக்க இரண்டு ஜோடி வாங்கி, இரண்டிலும் ஒற்றை ஷூவைத் தூக்கிப் போடணும். அம்மாவுக்கு வயிறு எரியும். கடைக்காரர்தான் வழி சொன்னார். அவரிடம் வரும் இன்னொரு பையனுக்கு அப்படியே நேர்மாறு, இடது பெரிசு, வலது சின்னது. இரண்டு பேரும் ஒரே நாளில் வந்தால் இரண்டே ஜோடியில் நாலு காலுக்கும் ஆச்சு. சின்ன வயசிலிருந்து வருஷத்துக்கு ஒரு நாள் அப்படித்தான் நடந்தது. கால்களும் சொல்லிவைத்த மாதிரி ஒரே அளவாக வளர்ந்தன.

அவனுக்கு அவள் மனசுக்குள் வைத்த பேர் மிச்சக்காரன். அவள் ஜோடியில் மிச்சம் அவனுக்குத்தானே! கடையில் எதிர் பெஞ்சில் உட்காருவான். ஒரு வார்த்தை பேசியதில்லை. போன வருஷம் லேஸ் கட்டிவிட்டு நிமிர்ந்தவன் அவளைப் பார்த்தான் பாருங்கள், அன்றைக்குப் பிடித்தது வினை. அதிலிருந்து தினம் காலையில் ஷூ போடும்போதெல்லாம், இதன் மறு ஷூவை இந்நேரம் அவன் போட்டுக்கொண்டிருப்பான் என்று நினைப்பாள். பைத்தியம்தான், வேறென்ன. அந்த ஒரு நாள் எப்போது வரும் என்று ஏங்கியே வருஷத்தைத் தள்ளினாள்.

இந்த வருஷம் அவன் நெடுநெடுவென்று வளர்ந்து வந்து நின்றான். அவளுக்குத் திக்கென்றது. ஆள் வளர்ந்தால் காலும் வளருமே! அளவு மாறிவிட்டால் இரண்டு பேரையும் ஒரே நாளில் எதுக்குக் கூப்பிடப்போகிறார் கடைக்காரர்?

ஆறாம் நம்பர் இடது ஷூவை அவனிடம் கொடுத்தார்கள். மல்லுக்கட்டிக் காலை நுழைத்தான். சரியாக இருக்கிறது என்றான். அவன் அப்பா நடந்து காட்டச் சொல்ல, நடந்தான். எப்போதும் வலது காலைத்தான் சாய்த்து வைப்பான். இன்றைக்கு இடது காலையும் முள்மேல் வைப்பதுபோல் வைத்தான். பெரியவர்கள் கவனிக்கவில்லை. அவள் கண்ணுக்குத் தப்புமா?

சும்மா இருந்தால் இன்னும் ஒரு வருஷம் கிடைக்கும். வாய் வரை வந்ததை இரண்டு தரம் விழுங்கினாள். எனக்காகவா இப்படி என்று சந்தோஷம் ஒரு பக்கம், அறிவு கெட்டவனே என்று ஆத்திரம் ஒரு பக்கம்.

"கழட்டு," என்றாள். வாங்க போங்க எல்லாம் அந்த நேரத்தில் வாயில் வரவில்லை. "இருக்கிறதே ஒரு நல்ல கால். அதையும் கெடுத்துக்கப் போறியா?"

அம்மா திரும்பிப் பார்த்தாள். அவன் காது சிவந்துபோய் உட்கார்ந்து கழற்றினான். விரலெல்லாம் கன்றியிருந்தன. கடைக்காரர் உச்சுக்கொட்டிவிட்டு ஏழாம் நம்பர் எடுக்க உள்ளே போனார்.

"அப்புறம் உன்னை எப்படிப் பார்க்கிறது?" என்றான் அவன், தலை நிமிராமல்.

 கீழே மூணாம் நம்பர் பெட்டி திறந்தபடி கிடந்தது. அதையே பார்த்தாள். இத்தனை வருஷமாகப் பெஞ்சுக்கு அடியில் ஒளித்துவைத்த இடது காலை மெல்ல வெளியே எடுத்து முன்னால் நீட்டினாள்.

"சின்னது ரெண்டும் இன்னும் ஒரே அளவுதான்," என்றாள்.

அவன் தன் வலது காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தான்.  பிறகு பெட்டியிலிருந்து இடது ஷூவை எடுத்து அவளிடம் கொடுத்தான். வலது ஷூவை மடியில் வைத்துக்கொண்டான்.