வெயில் படாத கறுப்பு

“ஏண்டி, சொல்லாம கொள்ளாம ஜேஜு தீவுக்கு வெயில் காயப் போய்ட்டு வந்தியா? என்ன இது, சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாதிரி ஒரு நெறம்!”

எதிர்க்கடையில் காலுறை விற்கும் தோழி தொக்சிம் இப்படிக் கத்தியபோது, மிரான் ஒரு கல்லூரிப் பெண்ணின் ஜீன்ஸைக் கணுக்கால் அளவுக்கு மடித்துக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே சிரித்து வைத்தாள். நிமிர்ந்தால் தலை சுற்றும். எழுந்து நிற்கும்போது மேசையைப் பிடித்துக்கொண்டு மூன்று எண்ணிவிட்டுத்தான் காலை நகர்த்த வேண்டும் என்று அவளாகவே ஒரு பழக்கம் செய்துகொண்டிருந்தாள்.

பூப்யோங் ரயில் நிலையத்துக்கு அடியில் ஓடும் கடைவீதியில் துணி திருத்தும் கடை போட்டுப் பதினான்கு வருடம் ஆகிறது. வீட்டிலிருந்து நிலையத்தின் படிக்கட்டுக்கு ஐந்து நிமிட நடை, அதற்கும் குடை. இறங்கிவிட்டால் இரவு ஒன்பதரை வரை குழல்விளக்குதான். விடுமுறை நாளில் திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தூங்குவாள். அப்படிப்பட்டவளின் விரல் கணுக்களும் முழங்கைகளும் கழுத்தும் ஐந்து மாதமாகக் கறுத்துக்கொண்டு வந்தன. எட்டுக் கிலோ குறைந்திருந்தாள். பதினொரு மணிக்கே ஒரு நாள் முழுவதும் உழைத்தவள்போல் கை ஓய்ந்துவிடும்.

இன்னொன்றும் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. காலையில் கணவன் காப்சூ பேருந்து ஓட்டக் கிளம்பியதும், குளிர்பெட்டியைத் திறந்து முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாயின் உப்புத் தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றி நின்றபடியே குடிப்பாள். உப்பிட்ட பொடி இறாலைக் கரண்டியால் அள்ளி, சோறு இல்லாமல், அப்படியே தின்பாள். தின்றுவிட்டு டப்பாவை உள்ளே தள்ளி மறைத்து வைப்பாள்.

காப்சூ அவன் பங்குக்குச் சிவப்பு ஜின்செங் கஷாயப் பொட்டலங்கள் ஒரு பெட்டி வாங்கி வந்தான். “சோதாம் அம்மா,” என்று மகள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். “இந்த வயசுல பொம்பளைங்களுக்கு இப்படித்தான் இருக்குமாம். எங்க டிப்போவுல எல்லாரும் சொல்றாங்க,” என்றான். பேருந்து டிப்போவில் எல்லோரும் ஆண்கள்.

தொக்சிம்தான் பார்க்கப் பொறுக்காமல் அவளை மேலே தெருமுனைக் கிளினிக்குக்கு விரட்டினாள். அங்கே ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, தைராய்டு மந்தமாக இருக்கிறது, வைட்டமின் டி தரையோடு தரையாகக் கிடக்கிறது என்றார்கள். தினமும் காலையில் தைராய்டுக்கு ஒரு மாத்திரை, வைட்டமின் டிக்கு ஒரு மாத்திரை. மிரானுக்குக் கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது. பெயர் தெரிந்த நோய். ஊரில் பாதிப் பெண்களுக்கு இருக்கிறது.

ஆனால் மாத்திரை தொடங்கி மூன்று வாரத்தில் அவள் தேறவில்லை, இன்னும் சரிந்தாள். காலையில் குமட்டியது. மாலையில் கால்கள் தன்னுடையவை இல்லை என்பதுபோல் பின்னின. அப்போதுதான் அதுவரை ஓரமாக நின்றிருந்த பயம் நேராக வந்து எதிரே உட்கார்ந்தது. ஏழு வருடத்துக்கு முன் அவள் அக்கா மிக்யோங்கும் இப்படித்தான் மெலிந்தாள், இப்படித்தான் கறுத்தாள். ஈரலில் புற்று. நான்கு மாதத்தில் முடிந்துவிட்டது. பெரிய மருத்துவமனைக்குப் போனால் அதைத்தான் சொல்வார்கள் என்று மிரானுக்கு உறுதியாகப் பட்டது. சொல்லாத வரைக்கும் அது இல்லை. சோங்ஜு நகரில் வேலை பார்க்கும் மகள் சோதாம் வீடியோவில் கூப்பிட்டபோதெல்லாம் கேமராவைக் கூரைப் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு பேசினாள்.

அக்டோபர் தொடக்கத்தில் ஒரு முற்பகல், கத்திரிக்கோல் கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவள் தையல் இயந்திரத்தின் காலடியில் அப்படியே சுருண்டுவிட்டாள். தொக்சிம் இரண்டு கடை ஷட்டரையும் இழுத்துவிட்டு, வழியில் போன ஒருவரின் உதவியோடு அவளைப் படியேற்றி டாக்சியில் போட்டாள்.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் கூ, தலைமுடியைப் பேனாவால் குத்திக் கொண்டை போட்ட இளம்பெண். ரத்த அழுத்தத்தைப் பார்த்ததும் முகம் மாறியது. கிளினிக் காகிதங்களைப் புரட்டினாள்.

“இந்த நெறம் எப்பலேர்ந்து? வெயில்ல வேலை பாக்கறீங்களா?”

“வெயிலா!” என்று தொக்சிம் குறுக்கே புகுந்தாள். “பதினாலு வருஷமா உருளைக்கெழங்கு மாதிரி தரைக்கடியில கெடக்கா டாக்டர். இவ வெயிலைப் பாத்தா அடையாளம் தெரியாது.”

“ரிப்போர்ட்டும் அதைத்தான் சொல்லுது. வைட்டமின் டி கொறைஞ்சது முப்பது இருக்கணும். இவங்களுக்கு ஆறு. வெயிலே படாத ஒடம்பு.” டாக்டர் குனிந்தாள். “அப்ப இந்தக் கறுப்பு வெயிலால வந்ததில்ல. வாயைத் தெறங்க.”

ஈறுகளில் நீலம் பாரித்த திட்டுகள். உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். ரேகைகள் மையிட்டதுபோல் இருந்தன. பிறகு சாதாரணமாகக் கேட்டாள்: “உப்பா எதையாவது அள்ளித் திங்கணும்போல இருக்குமா?”

மிரானுக்கு அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. திருட்டு பிடிபட்டதுபோலவும் இருந்தது, தொலைந்த பிள்ளையை யாரோ கைபிடித்து வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டதுபோலவும் இருந்தது. “எறாலு... டப்பா டப்பாவா...” என்றாள்.

ரத்தம் எடுத்த கையோடு, முடிவுக்குக் காத்திராமல் ஊசி போட்டு உப்புநீர் ஏற்றினார்கள். இரண்டு மணி நேரத்தில் அவளுக்குப் பசித்தது. பசி என்ற ஒன்றையே அவள் மறந்துபோயிருந்தாள். சீருடையோடு ஓடி வந்த காப்சூ, அவள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிப்பதைப் பார்த்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் மாலை முடிவுகளோடு டாக்டர் கூ வந்தாள். சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி இரண்டு சுரப்பிகள் உண்டு. உடம்பே அவற்றை எதிரி என்று தப்பாக நினைத்துத் தின்றுகொண்டிருந்தது, தைராய்டைத் தின்றதைப் போலவே. “அந்தச் சுரப்பி ஓஞ்சா ஒடம்புல உப்பு தங்காது, தோலும் கறுக்கும். அதுவும் தைராய்டும் சேந்து கெடறது அபூர்வம். தைராய்டு மாத்திரை ஒடம்பை முடுக்கிவிட்டிருக்கு. முடுக்கினா ஓடறதுக்கு அந்தச் சுரப்பிகிட்ட சரக்கு இல்ல. மொதல்ல அதை நெரப்பணும், அப்பறம்தான் தைராய்டு. இப்ப வரிசை சரியாயிடுச்சு.”

“என் அக்கா...” என்று தொடங்கினாள் மிரான். “அவளும் இப்படித்தான் கறுத்தா. ஈரல்ல புத்து.”

டாக்டர் அவள் பார்வையை விடாமல் சொன்னாள்: “உங்க ஈரலை ஸ்கேன்ல பாத்தாச்சு. சுத்தமா இருக்கு. நீங்க சாகப்போறதில்ல. ஆனா ஆயுசுக்கும் மாத்திரை. காய்ச்சல் வந்தா ரெண்டு மடங்கு போட்டுக்கணும், வாந்தி வந்து மாத்திரை தங்கலேன்னா நேரா இங்க. உங்க நோய் எழுதின இந்தக் கார்டு எப்பவும் பர்ஸுல இருக்கணும். இந்த மாத்திரை எலும்பையும் அரிக்கும், அதனால வைட்டமின் டியை விடவே கூடாது. மத்தியானம் இருவது நிமிஷம் மேல வந்து வெயில்ல உக்காருங்க.”

அன்று இரவு மிரான் ஏழு மணிநேரம் விழிக்காமல் தூங்கினாள்.

மூன்றாம் நாள் காப்சூ மாற்று உடை கொண்டுவந்தபோது முகம் கடுகடுவென்று இருந்தது. சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துப் படுக்கையில் வைத்தான். அரிசி டப்பாவுக்குள் இருந்ததாம். மிரானின் கையெழுத்து. எந்த டப்பாவில் என்ன, எரிவாயு வால்வை எப்படி மூடுவது, சோதாமின் கல்யாணத்துக்கு யாரையெல்லாம் கூப்பிட வேண்டும்.

“கடைசி வரியில என்ன எழுதியிருக்க, படி.”

அவள் தாளைத் தலையணைக்கு அடியில் தள்ளினாள்.

“கம்பளியை வாஷிங் மெஷின்ல போடாதீங்கன்னு. சாகப்போறவளுக்குக் கம்பளி மேல என்னடி அக்கறை?” குரல் பாதியில் உடைந்தது.

“போன வருஷம் உங்க ஸ்வெட்டர் சுருங்கிப்போச்சுல்ல,” என்றாள் மிரான்.

அவன் சிரிக்க ஆரம்பித்து, முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டு வெகுநேரம் தோள் குலுங்க உட்கார்ந்திருந்தான். பக்கத்துப் படுக்கைக்காரி மரியாதையாகச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுபடி கடை திறந்த முதல் வாரம், மத்தியானம் தொக்சிம் கையைத் தட்டிக்கொண்டு வந்து நின்றாள். “எழுந்திரு. டாக்டர் சொன்னது உனக்கா எனக்கா?”

“உங்க கடைய யாரு பாப்பா அக்கா?”

“காலுறைய எவன் தூக்கிட்டுப் போவான்? போனா ஜோடியாவா எடுப்பான்?”

மேலே வந்தார்கள். நிலைய வாசலுக்கு எதிரே கிங்கோ மரங்களின் அடியில் ஒரு பெஞ்ச் காலியாக இருந்தது. உதிர்ந்து மிதிபட்ட பழங்களின் நாற்றம். கறுத்துவிடக் கூடாதென்று முகத்தை முழுக்க மறைக்கும் தொப்பியும் கையுறையுமாகப் பெண்கள் வேகமாகக் கடந்துபோனார்கள். மிரான் இரண்டு கைகளையும் முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு நீட்டி வைத்துக்கொண்டாள். தோல் இன்னும் வெளுக்கவில்லை, மாதக்கணக்கில் ஆகுமாம். ஆகட்டும். தொக்சிம் சிறிது நேரம் சுற்றும்முற்றும் பார்த்தாள். பிறகு, யாரோ கட்டாயப்படுத்தியதுபோல் முனகிக்கொண்டே, வெயிலுக்குப் போட்டிருந்த கைமறைப்பில் ஒன்றை மட்டும் உருவினாள்.

மிரானின் கைபேசி அடித்தது, யாரோ வாடிக்கையாளர். தொக்சிம் பிடுங்கிக் காதில் வைத்தாள். “பேண்ட்டா? நாங்க கொஞ்சம் காயலாம்னு வெளிய வந்திருக்கோம். இருவது நிமிஷம் கழிச்சு வாங்க.” வைத்துவிட்டாள்.

“காயறதுக்கு நாம என்ன மொளகாயா அக்கா?”

“பேசாம உக்காரு.”

காற்றில் மஞ்சள் இலைகள் நாலைந்து சுழன்று இறங்கின. கிளையின் நிழல் பெஞ்சின் ஒரு முனையிலிருந்து மெல்ல ஊர்ந்து தொக்சிமின் இடுப்பைத் தொட்டது. அவள் நகர்ந்தாள். மிரானும் நகர்ந்தாள். கண்ணை மூடியபடியே, இரண்டு பேரும் வெயிலோடு சேர்ந்து ஒரு சாண் தள்ளி உட்கார்ந்துகொண்டார்கள்.